நாடு முழுக்க ஒரு மீன்வளத் தரவுத் தளம்: நான்கு வழிகளும் ஒரு மலைச் சோதனையும்

மீன்வளத் தரவுகளைச் சேர்த்து, சரிபார்த்து, வெளியிட நாடு தழுவிய இணையதளம் ஒன்று வேண்டும். அதை எந்த வழியில் கட்டுவது? மீன்வளப் படிப்பை முடித்துத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம் இதைக் கேட்கிறார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சின்னதாக மென்பொருள் தொழில் நடத்துபவர்கள், டெண்டர் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் கேட்கிறார்கள். சுற்றிச் சுற்றி வரும் தேர்வுகள் நான்குதான். எல்லாவற்றையும் புதிதாக எழுதுவது. ஆயத்தமாக இருக்கும் மீன்வள மென்பொருளை எடுத்துப் பொருத்துவது. யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூலக் கருவிகளைக் கோத்துக்கொள்வது. மாநிலங்கள் தத்தம் அமைப்பை வைத்துக்கொள்ள, நடுவில் பொதுக் குறியீடும் பரிமாற்றமும் மட்டும் வைப்பது; இதைக் கூட்டமைப்பு என்று சொல்வோம்.

இந்த நான்கையும் நீலகிரியில் வைத்தே எடை போடப்போகிறேன். கடலே இல்லாத மாவட்டத்தில் மீன் கணக்கா என்று சிரிக்க வேண்டாம். 2022-23-இல் இந்தியாவின் மீன் உற்பத்தி சுமார் 175 லட்சம் டன். அதில் ஏறக்குறைய 131 லட்சம் டன் உள்நாட்டு மீன். ஆனால் நம்முடைய புள்ளிவிவரப் பழக்கம் வளர்ந்தது கடற்கரையில். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கரையை இடவாரியாகவும் காலவாரியாகவும் அடுக்குகளாகப் பிரித்து, தேர்ந்தெடுத்த இறங்குதளங்களில் (படகுகள் மீனை இறக்கும் இடங்கள்) தேர்ந்தெடுத்த நாட்களில் மாதிரி எடுத்து, மொத்தப் பிடிப்பை மதிப்பிடும் முறையைப் பல பத்தாண்டுகளாகச் செதுக்கி வைத்திருக்கிறது. 2010 கடல் மீன்வளக் கணக்கெடுப்பில் மட்டும் 1,511 இறங்குதளங்கள் பட்டியலில் இருந்தன. குளம், ஏரி, அணை, ஆறு என்று சிதறிக் கிடக்கும் உள்நாட்டு மீனுக்கு இந்த அளவு இறுகிய ஒழுங்கு அமையவில்லை.

அதனால் ‘தேசியப் படிவம்’ என்று வருவது பெரும்பாலும் கடற்கரைப் படிவமாகவே இருந்துவிடுகிறது. படகுப் பதிவு எண் கட்டாயம், இறங்குதளம் கட்டாயம். மலை அணையில் பரிசலில் போய் வலை எடுப்பவருக்கு இரண்டும் கிடையாது. அப்புறம் என்ன நடக்கும்? பதிவு செய்பவர் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். அந்தப் பொய் எண் டெல்லி வரை போகும்.

## முதலில் அளவுகோல்கள்

பதிவு எங்கே நடக்கிறது. மீனை எடை போடும் இடத்தில் சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குருத்திப் பக்கம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் சாலை இருக்காது, கரண்ட் இருக்காது. இணையம் இல்லாமல் பதிவாகி, இணையம் கிடைத்தபோது தானாக ஏறும் செயலி வேண்டும். படிவம் தமிழில் இருக்க வேண்டும் என்பது தலைப்புகளை மொழிபெயர்ப்பதோடு முடிவதில்லை. மீன் பெயர், வலையின் பெயர், பிழைச் செய்தி, உதவிக் குறிப்பு எல்லாம் தமிழில் வேண்டும்.

எண்ணோடு முறையும் சேர்ந்து பதிவாகிறதா. என்னைக் கேட்டால் மற்ற எல்லா அளவுகோலையும் விட இதுதான் முக்கியம். இதைத்தான் டெண்டர் ஆவணங்கள் பெரும்பாலும் தவறவிடுகின்றன.

உள்நாட்டு உற்பத்தி என்று நாம் கூட்டும் எண், வெவ்வேறு வகை எண்களின் கலவை. குத்தகைக்கு விட்ட அணையில், ஒரே கரையில் மீன் இறங்கினால், எடை போட்ட முழுக் கணக்கு கிடைக்கும். பெரிய நீர்த்தேக்கத்தில் நாலைந்து இடத்தில் இறங்கினால் மாதிரி எடுத்துப் பெருக்குவார்கள். பண்ணைக் குளங்களுக்கு எக்டேர் பரப்பை ஒரு சராசரி விளைச்சலால் பெருக்குவார்கள். முதலாவது அளந்தது, இரண்டாவது மதிப்பிட்டது, மூன்றாவது கணித்தது. மூன்றையும் ஒரே நெடுவரிசையில் ‘டன்’ என்று போட்டுவிட்டால் பின்னால் யாராலும் பிரிக்க முடியாது. அடுத்த ஆண்டு உற்பத்தி 8 சதவீதம் கூடியது என்று வந்தால், மீன் கூடியதா, பெருக்கும் எண்ணை மாற்றினார்களா என்றே தெரியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த முறை, எத்தனை நாள் மாதிரி, எந்தப் பெருக்குக் காரணி என்று ஒட்டிக்கொண்டே வர வேண்டும்.

இதிலேயே ஒரு கிளை: பூஜ்ஜியமும் வெற்றிடமும். தென்மேற்குப் பருவமழையில் குந்தா பக்கத்து அணைகளில் வாரக்கணக்கில் வலை இறங்காமல் போகலாம். “அண்ணே, இந்த வாரம் எவ்ளோ?” என்று கேட்டால் “தண்ணியில இறங்கவே இல்ல தம்பி” என்று பதில் வரும். இது ஒரு தகவல். ஆய்வாளர் கரைக்கே போக முடியாத வாரம் வேறு. வலை போட்டும் மீன் விழாத வாரம் இன்னும் வேறு. பல தளங்களில் இந்த மூன்றும் ஒரே காலிக் கட்டமாகத்தான் உட்காரும், இல்லாவிட்டால் மூன்றும் 0 ஆகிவிடும். அதற்கப்புறம் எடுக்கும் சராசரிக்கு மதிப்பில்லை.

மலைக்கு வேண்டிய பதிவுகள் உண்டா. கடலில் யாரும் குஞ்சு விட்டுவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பதில்லை (செயற்கைப் பவளப்பாறை, இறால் குஞ்சு விடுதல் போன்றவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம்). அணை மீன்வளத்தில் பிடிப்பு என்பது பாதிக் கதைதான். எந்த மாதம், எந்த இனம், எத்தனை குஞ்சு, எந்த அளவில் விட்டோம் என்ற கணக்கு மீதிப் பாதி. நீலகிரியின் மீன் வரலாறே கொண்டுவந்து விட்ட வரலாறு. 1907-இல் அவலாஞ்சியில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்குப் பொரிப்பகம் வந்தது. 1939-இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை ஊட்டி ஏரிக்கு வந்தது. குஞ்சு விட்டு இருப்புச் செய்ததையும் பிடித்ததையும் ஒரே நீர்நிலை எண்ணின் கீழ் இணைக்காத தளத்தால் இந்த மலைக்கு ஒரு பயனும் இல்லை.

முயற்சிக் கணக்கும் அப்படித்தான். 10 கிலோ மீன் என்றால் எத்தனை வலைக்கு, எத்தனை மணி நேரத்துக்கு? கடலில் இயந்திரப் படகின் பயணத்தை வைத்து எண்ணலாம். இங்கே செவுள் வலையும் உண்டு, உரிமம் வாங்கித் தூண்டில் போடுபவரும் உண்டு. தூண்டில் உரிமம் இந்த மலைக்குப் பழசு. நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879-லேயே வந்துவிட்டது. இந்திய மீன்வளச் சட்டத்துக்கே 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படிவத்தை யார் மாற்றலாம். முதல் பருவத்திலேயே படிவம் தவறு என்று தெரிந்துவிடும். திருத்த எத்தனை நாள், எவ்வளவு பணம், யார் கையெழுத்து?

ஐந்தாண்டுச் செலவு. கட்டும் செலவைப் பற்றி மட்டும் பேசுபவரை நம்ப வேண்டாம்.

யாருடைய தகவல். மீனவரின் பெயர், கைபேசி எண் எல்லாம் 2023 எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். மலையில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. காட்டுக்குள் ஓடும் ஆற்றில் வீட்டுக் குழம்புக்கு மீன் பிடிக்கும் பழங்குடிக் குடும்பத்தைப் பெயரோடும் இடத்தோடும் பதிந்துவிட்டு, நாளை அதையே அவர்கள் மீது வழக்குக்கான சான்றாக யாராவது எடுத்தால்? 2006 வன உரிமைச் சட்டம் மீனையும் நீர்நிலை விளைபொருள்களையும் சமூக உரிமைகளில் சேர்த்திருக்கிறது. அந்த உரிமைக்கு ஆதாரமாக உதவும் வகையில், ஆள் அடையாளம் தெரியாதபடி அந்தப் பதிவு இருக்க வேண்டும். அடுத்தது, மாயாற்றில் வாழும் திமில் முதுகு மசீர் கெண்டை. அழிவின் விளிம்பில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்ட இனம் அது. அது கிடைத்த இடத்தைத் துல்லியமான புள்ளியாக வரைபடத்தில் போட்டால் தூண்டிலோடு வண்டி ஏறி வந்துவிடுவார்கள். திறந்த தரவு நல்லதுதான், ஆனால் சில புள்ளிகளை மங்கலாக்கியே வெளியிட வேண்டும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | புதிதாக எழுதுவது | ஆயத்த மென்பொருள் | திறந்த மூலக் கருவிகள் | கூட்டமைப்பு |
|---|---|---|---|---|
| சிக்னல் இல்லாத பதிவு | கேட்டால்தான் வரும் | கேட்டு உறுதி செய்ய வேண்டும் | முதல் நாளே உண்டு | மாநிலத்தைப் பொறுத்தது |
| எண்ணோடு முறை | வடிவமைப்பவரைப் பொறுத்தது | கடல் மாதிரிக்கு நன்று | நாமே எழுத வேண்டும் | பொதுக் குறியீட்டில் கட்டாயமாக்கலாம் |
| குஞ்சு இருப்புப் பதிவு | எழுதலாம் | கேட்டுப் பார்க்க வேண்டும் | ஒரு படிவம் போதும் | மாநிலம் தானே சேர்க்கும் |
| படிவ மாற்றம் | மெதுவாக, காசு கொடுத்து | நடுத்தரம் | அன்றே | மாநிலத்தில் வேகம், மையத்தில் மெதுவு |
| மறைசெலவு | மாற்றக் கட்டணம், தணிக்கை | தகவமைப்பு, சார்பு | ஆள் போனால் நிற்கும் | கூட்டங்கள், கால தாமதம் |
| பொருந்தும் இடம் | உரிமம், மானியம் | சின்ன நாடு | முன்னோட்டம், ஒரு மாநிலம் | இந்தியா போன்ற பெரிய நாடு |

அட்டவணை ஒரு நினைவுக் குறிப்புதான். விவரம் கீழே.

## வழி 1: தொடக்கத்திலிருந்து எழுதுவது

பெரிய அலுவலகங்களுக்குப் பிடித்த வழி. ஒரே பெயர், ஒரே முகப்பு, ஒரே லாகின், திறப்பு விழா. தேவை என்னவென்று முன்கூட்டியே நன்றாகத் தெரிந்தால் இதில் தவறில்லை. பிரச்சினை, மீன்வளத் தரவில் தேவை முன்கூட்டியே தெரிவதில்லை என்பதுதான். அணைக்கரையில் ஒரு பருவம் சோதித்துப் பார்க்காத படிவத்தை ‘இறுதி’ என்று டெண்டரோடு இணைக்க வேண்டியிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்றாலும் ‘மாற்றக் கோரிக்கை’ என்று தனி மதிப்பீடு, தனிக் கட்டணம்.

மறைசெலவுகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. அரசுத் தளம் என்றால் அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளரிடம் பாதுகாப்புத் தணிக்கை முடித்தால்தான் சர்வரில் ஏற்ற முடியும். பெரிய மாற்றம் செய்தால் திரும்பவும் தணிக்கை. ஓடிபி குறுஞ்செய்தி அனுப்ப ஒவ்வொரு வாசகத்தையும் முன்பதிவு செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய வேடிக்கை, ஓடிபி வராத இடத்தில் ஓடிபி கேட்டே தீரும் செயலி. நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்தால் இந்தக் குறை கண்ணில் படவே படாது.

பழைய கணக்கை ஏற்றுவது இன்னொரு செலவு. தமிழக அரசு யூனிகோடை (கணினிக்கான பொது எழுத்துக் குறியேற்றம்) ஏற்றது 2010-இல்தான். அதற்கு முன் தட்டச்சான கோப்புகள் விதவிதமான எழுத்துருக் குறியேற்றங்களில் கிடக்கின்றன. அதற்கும் முந்தையவை கையால் எழுதிய பதிவேடுகள். ட்ரவுட் குஞ்சு விட்ட பழைய கணக்கை வரைபடமாகப் பார்க்க ஆசைப்பட்டால், யாரோ உட்கார்ந்து படித்து, மாற்றி, சரிபார்த்து ஏற்ற வேண்டும். ‘தரவு இடமாற்றம்’ என்று டெண்டரில் ஒரே வரியில் போய்விடும் வேலை இது. நடைமுறையில் மென்பொருள் எழுதுவதைவிடவும் நீளலாம்.

எப்போது இது சரி? பணமும் உரிமையும் கைமாறும் வேலைகளுக்கு. படகுப் பதிவு, உரிமம், மானியம் ஆகியவற்றில் விதி சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, அடிக்கடி மாறாது, பிழை வந்தால் யார் பொறுப்பு என்று தெரிய வேண்டும். மீன்பிடிப் படகுகளைப் பதிந்து உரிமம் தரும் ரியல்கிராஃப்ட் தளம் இந்த வகை. பிடிப்புப் புள்ளிவிவரம் அந்த வகையில் சேராது.

## வழி 2: ஆயத்த மீன்வள மென்பொருள்

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, கலிப்சியோ என்ற இணையவழி மீன்வளத் தரவு அமைப்பை உருவாக்கியிருக்கிறது. படகுப் பட்டியல், உரிமம், பிடிப்புப் பதிவு என்று தனித்தனிக் கூறுகளாக வருகிறது. கரீபியன் பகுதி நாடுகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதன் பெரிய பலம், புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் வடிவமைத்தது என்பது. முயற்சி, மாதிரி, பெருக்குக் காரணி எல்லாம் அதற்குப் பழக்கமான விஷயங்கள். புதிதாக எழுதும் நிறுவனத்துக்கு இவற்றைப் புரியவைப்பதிலேயே பாதி ஒப்பந்தக் காலம் ஓடிவிடும்.

உலக அறிக்கைக்கு வேண்டிய குறியீடும் இந்த வழியில் சுலபம். உணவு வேளாண் அமைப்பின் இனப் பட்டியலில் 13,000-க்கும் மேற்பட்ட நீர்வாழ் உயிரினங்களுக்கு மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. வானவில் ட்ரவுட்டுக்கு டி.ஆர்.ஆர்., சாதாக் கெண்டைக்கு எஃப்.சி.பி. ஆனால் மலையில் உடனே ஒரு சிக்கல்: கண்ணாடிக் கெண்டையும் செதிள் மூடிய சாதாக் கெண்டையும் ஒரே இனம், அதனால் ஒரே குறியீடு. குஞ்சு விடுபவருக்கோ இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உலகக் குறியீட்டின் கீழ் உள்ளூர்த் துணைக் குறியீடு சேர்க்க முடிகிறதா என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். குஞ்சு இருப்புப் பதிவுக்கு இடம் உண்டா, தமிழில் தேடினால் மீன் பெயர் வருமா, ஒரே நாட்டுக்குள் முப்பது சொச்சம் மாநில, ஒன்றியப் பகுதி நிர்வாகங்களுக்குத் தனித்தனி அதிகாரம் பிரித்துத் தர முடியுமா என்பதையும் கேட்டாக வேண்டும். சின்ன நாட்டில் மீன்வளத் துறை ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு துறை.

மறைசெலவு, சார்பு. அடுத்த பதிப்பு எப்போது வரும், உங்கள் கோரிக்கை எத்தனையாவது வரிசையில் இருக்கும் என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. திட்ட நிதி இருக்கும்வரை வல்லுநர்கள் வருவார்கள், பயிற்சி நடக்கும். நிதி முடிந்த மறு ஆண்டு யார் தொலைபேசியை எடுப்பார்கள் என்று முன்பே எழுதி வாங்க வேண்டும்.

ஒரே துறை, சில நூறு படகுகள், சொந்தமாக நிரலாளர்கள் இல்லாத தீவு நாடு என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

## வழி 3: திறந்த மூலக் கருவிகளைக் கோப்பது

ஓடிகே அல்லது கோபோடூல்பாக்ஸ் (கைபேசியில் படிவம் நிரப்ப உதவும் கருவிகள்) வழியே படிவம், போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம், ஆர் என்ற நிரல் மொழியில் கணக்கீடு, மேலே எண்களைக் காட்டும் ஒரு டேஷ்போர்டு. நம் சமையலறை அஞ்சறைப் பெட்டி மாதிரி, ஒவ்வொன்றும் தனி, தீர்ந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். திமோர்-லெஸ்தே நாட்டில் நடக்கும் பெஸ்காஸ் அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான்: கரையில் கோபோ படிவம், சில படகுகளில் சூரிய ஒளியில் இயங்கும் இடங்காட்டி, பின்னால் ஆர் மொழியில் தானாக ஓடும் கணக்கீடு, முன்னால் யாரும் பார்க்கக்கூடிய டேஷ்போர்டு. பெரிய நிறுவனம் எதுவும் நடுவில் இல்லாமலேயே ஒரு நாட்டின் சிறுதொழில் மீன்பிடிப்பை அப்படிக் கணக்கெடுக்க முடிகிறது.

மலைச் சோதனையில் இது நன்றாகவே தேறும். கைபேசியில் சிக்னல் இல்லாமல் பதியலாம். எமரால்டு பஜாருக்கோ ஊட்டிக்கோ வந்ததும் ஏறிவிடும். ‘வலை இறங்கவில்லை / கரைக்குப் போக முடியவில்லை / போட்டும் விழவில்லை’ என்ற மூன்று தெரிவுகளை ஒரு மதியத்தில் சேர்த்துவிடலாம். வலைக்கண் அளவு 20 மில்லிமீட்டருக்குக் கீழே போட்டால் எச்சரிக்கை, ஒரே ட்ரவுட் 40 கிலோ என்று அடித்தால் ‘நிஜமாகவா?’ என்று கேட்கும் சரிபார்ப்பு, இவையெல்லாம் படிவத்திலேயே எழுதக்கூடியவை. தப்பு என்று தெரிந்தால் அடுத்த வாரமே மாற்றலாம். இந்தச் சுதந்திரத்துக்காகவே நான் இதை விரும்புகிறேன்.

சரி, இலவசம்தானே என்று துள்ள வேண்டாம். மென்பொருளுக்குக் காசில்லை, ஆளுக்குக் காசு உண்டு. குறைந்தது ஒரு நிரலாளர், சர்வர் பார்க்க ஒருவர், புள்ளிவிவரம் தெரிந்த ஒருவர் நிரந்தரமாக வேண்டும். அந்த மூவரில் ஒருவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போனால் மறு மாதம் கணக்கீடு நின்றுவிடும். அவர் எழுதிய நிரலைப் படிக்க ஆள் இருக்காது. வெளிநாட்டுச் சர்வரில் இலவசக் கணக்கு தொடங்கி மீனவர் பெயரையும் எண்ணையும் அங்கே ஏற்றுவது அரசுக்கு ஒத்துவராது. சொந்தச் சர்வரில் நிறுவ வேண்டும், அப்புறம் மேம்படுத்தல், காப்புப்படி, தணிக்கை எல்லாம் நம் தலையில். படிவத்தை எளிதாக மாற்றலாம் என்பதே இன்னொரு ஆபத்து. மாவட்டத்துக்கு ஒரு படிவம் முளைத்து, ஓராண்டில் எதையும் எதோடும் கூட்ட முடியாமல் போய்விடும். அதற்குக் கடிவாளம் அடுத்த வழியில் இருக்கிறது.

## வழி 4: கூட்டமைப்பு

நம் அரசியலமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21-ஆவது உருப்படி. எல்லைக் கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பு மட்டும் ஒன்றியப் பட்டியலின் 57-ஆவது உருப்படி. ஆகவே உள்நாட்டுப் பிடிப்பைப் பதிவது மாநில ஊழியர்தான். அவருக்குத் தேசியத் தளம் கட்டளையிட முடியாது. அவருடைய வேலையை அது எளிதாக்கினால் ஒழிய இரண்டு இடத்தில் பதியச் சொல்கிறது என்றே பொருள். இரண்டு இடத்தில் பதியச் சொன்னால் எது ஒழுங்காக நடக்கும், எது மாதக் கடைசி ராத்திரி அவசரமாக நிரப்பப்படும் என்று ஊழியர்களைக் கேட்டால் தெரியும்.

கூட்டமைப்பில் மையம் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒன்று, குறியீட்டு ஏடு: இனம், வலை, நீர்நிலை வகை, மதிப்பீட்டு முறை. இரண்டு, நீர்நிலைப் பதிவேடு. மூன்று, மாநிலங்கள் தரவை அனுப்பும் வடிவமும் அதைச் சோதிக்கும் வாசலும். பதிவு செய்யும் செயலி தமிழ்நாட்டில் ஒன்றாக, இமாச்சலில் வேறாக இருக்கட்டும்.

நீர்நிலைப் பதிவேடு பார்வைக்குச் சாதாரணம். வேலையோ மலையளவு. ஒரு மலை அணையில் தண்ணீர் மின்வாரியத்தினுடையது, போகும் பாதை வனத்துறையினுடையது, மீன் மீன்வளத் துறையினுடையது. மூன்று துறையும் ஒரே நீர்நிலையை வெவ்வேறு எண்ணில் வைத்திருக்கலாம். பழனி மலையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கொடைக்கானல் ஏரி சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், பாலாறு-பொருந்தலாறு அணையோ பழனி அடிவாரத்தில். மூன்றும் ஒரே திண்டுக்கல் மாவட்டம். மாவட்டவாரியாகக் கூட்டினால் குளிர்நீர் மீனும் வெப்பநீர் மீனும் ஒன்றாகக் கலந்து, இரண்டுக்கும் உதவாத ஒரு சராசரி வரும். நீலகிரியிலும் அப்படித்தான், மேலே அப்பர் பவானியில் விழும் அதே பவானித் தண்ணீர் அடிவாரத்தில் பவானிசாகரில் தேங்குகிறது, மாவட்டம் வேறு, மீன் வேறு. அலகு மாவட்டமாக இருக்கக் கூடாது. நீர்நிலையாக இருக்க வேண்டும். உயரமும் பரப்பும் அதோடு ஒட்டியிருக்க வேண்டும்.

இந்த வழியின் மறைசெலவு கூட்டங்களும் காத்திருப்பும். ஒரு குறியீட்டை மாற்ற எல்லா மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும். சில மாநிலங்கள் உடனே அனுப்பும், சில ஆறு மாதம் கழித்து அனுப்பும், தேசிய எண் எப்போதும் கொஞ்சம் ஓட்டையோடுதான் இருக்கும். ஆள்பலம் இல்லாத மாநிலத்துக்கு மையமே ஆயத்த செயலி ஒன்றைக் கொடுத்தால் ஒழிய அங்கே ஒன்றும் நடக்காது. தவறான குறியீட்டோடு வரும் கோப்பைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் மனத்திடமும் உள்ள ஒரு சின்னக் குழு டெல்லியிலோ ஹைதராபாத்திலோ உட்கார்ந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் கூட்டமைப்பு என்பது எக்செல் கோப்புகளின் குவியல்தான்.

## ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே?

2024 செப்டம்பரில் தேசிய மீன்வள டிஜிட்டல் தளம் தொடங்கப்பட்டது. மீனவர், மீன் வளர்ப்போர், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியோருக்கு அடையாளம், கடன், காப்பீடு போன்றவற்றை இணைப்பது அதன் வேலை. அது ஆட்களின் பதிவேடு. நாம் பேசுவது மீனின் பதிவேடு. இரண்டையும் ஒன்றாக்கினால், கணக்கு கொடுத்தால்தான் மானியம் என்ற எண்ணம் மீனவருக்கு வந்துவிடும். பிடிப்பு எண்கள் அதற்கேற்ப வளைந்துவிடும். ஆனால் புதிய தளம் இன்னொரு மீனவர் பட்டியலைத் தொடங்குவதும் வீண். ஆள் விவரம் வேண்டிய இடத்தில் அங்கிருக்கும் எண்ணைச் சுட்டினால் போதும். ஆதாரைத் தொடவே வேண்டாம்.

## நான் எதை எடுப்பேன்

மூன்றையும் நான்கையும் சேர்த்து. முதல் ஆண்டில் குறியீட்டு ஏட்டை மட்டும் மையம் இறுதி செய்யட்டும். அதே ஆண்டில் திறந்த மூலக் கருவிகளால் நான்கு இடத்தில் ஓட்டிப் பார்க்கலாம்: நீலகிரியின் மலை அணைகள், பவானிசாகர் போன்ற அடிவாரத் தேக்கம் ஒன்று, டெல்டாவின் குளங்கள், ஒரு கடற்கரை இறங்குதளம். ஒரே குறியீடு நாலிலும் நின்றால் நாட்டுக்குப் போகலாம். உரிமம், மானியம் மாதிரியான வேலைக்கு மட்டும் முதல் வழி, அதுவும் பின்னால். உலக அறிக்கைக்கு ஆயத்த மென்பொருளின் புள்ளிவிவர முறையைப் படித்து எடுத்துக்கொள்ளலாம், மென்பொருளை வாங்க வேண்டியதில்லை.

முதல் வழியில்தான் போக வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்க்க முடியும். மூல நிரல் முழுவதும் துறைக்குச் சொந்தம், ஒவ்வொரு காலாண்டும் துறையின் களஞ்சியத்தில் ஏற வேண்டும். படிவக் கட்டங்களையும் குறியீட்டுப் பட்டியலையும் துறை ஊழியரே நிர்வாகத் திரையிலிருந்து மாற்ற முடிய வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. முழுத் தரவையும் எந்த நாளிலும் பொது வடிவில் இறக்கிக்கொள்ளலாம். ஏற்புச் சோதனை சென்னையில் நடக்கக் கூடாது. ஜூலை மாதம், விமானப் பயன்முறையில் போட்ட கைபேசியோடு, மீன்வள ஆய்வாளர் ஒருவர் அணைக்கரையில் மூன்று நாள் பதிந்து, அந்தப் பதிவுகள் ஒன்றுகூடத் தொலையாமல் சர்வரில் ஏறினால்தான் கடைசித் தவணைப் பணம்.